பன்றிக்கு எந்த நாய்: ஓடேக்கை குலைக்கிறதா, குலைக்காததா?

கச்சான்கரை எழுதியது:

வணக்கம். இடம் ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் நடுவில. இரண்டு ஏக்கர் கச்சான், அரை ஏக்கர் மரவள்ளி, ஓரமாய்க் கொஞ்சம் சோளம். மூன்று பக்கம் காடு, ஒரு பக்கம் வீதி. காலபோக மழைக்குப் போட்ட கச்சான் காய் பிடிக்கத் தொடங்கினால் பன்றியும் இறங்கத் தொடங்குது. தகரம் அடிச்சது, பழைய சீலை கட்டினது, காவல் கொட்டிலில ரேடியோ பாடவிட்டது எல்லாம் ஒரு கிழமைக்குத்தான் செல்லும். கரண்ட் கம்பியும் பன்றி வெடியும் வேண்டாம் எண்டு தீர்மானம்.

இரண்டு மூன்று நாய் வச்சு, காணியை ஒட்டின பற்றைகளில பகலில படுத்திருக்கிற பன்றியைக் கிளப்புறதும், தேவைப்பட்டால் அனுமதியுள்ள துவக்கோட ஒன்றிரண்டைக் குறைக்கிறதும்தான் யோசனை. இங்க ஆக்கள் இரண்டு பக்கமாய் நிக்கினம். ஒரு பகுதி, பன்றி போன அடி மணந்த உடனேயே குலைச்சுக்கொண்டு ஓடுற நாய்தான் நாய் எண்டுது. மற்றப் பகுதி, சத்தமில்லாமல் போய்ப் பன்றியைப் பிடிக்கிறதுதான் வேட்டைநாய், குலைக்கிறது வீட்டுக் காவலுக்கு எண்டுது. மான் மரையில நாய் கை வைக்கக் கூடாது, நாயும் உயிரோட திரும்ப வேணும். எது சரி?

பாலைநிழல் எழுதியது:

தம்பி, நாய் குலைக்குதா இல்லையா எண்டு பார்க்கிறதை விட, எந்தக் கட்டத்தில வாய் திறக்குது எண்டு பாருங்கோ. வேட்டையில மூன்று கட்டம் இருக்கு: தேடுறது, அடியில ஓடுறது, மறிச்சு வச்சிருக்கிறது. உங்கட ஊரில சண்டை பிடிக்கிற இரண்டு பகுதியும் நடுக் கட்டத்தைப் பற்றி மட்டும்தான் கதைக்கினம்.

அடியில ஓடேக்கை குலைக்கிற இனங்கள், இங்கிலாந்து ஃபொக்ஸ்ஹவுண்ட் மாதிரி, குதிரையில பின்னால போற ஆளுக்காக வளர்க்கப்பட்டவை. திறந்த வெளி, நாய் எங்க போகுது எண்டு காதால கேட்டுக்கொண்டு குதிரையை விடலாம். நோர்வே எல்க்ஹவுண்ட், சுவீடன் யம்த்ஹுண்ட், ரஷ்ய லைக்கா எல்லாம் வேற ரகம். அவை அடியில வாயை மூடிக்கொண்டு போகும். மிருகத்தை நிப்பாட்டின பிறகுதான், நிண்ட இடத்திலயே விடாமல் குலைக்கும். அடர்ந்த காட்டுக்குள்ள நடந்து போற ஆளுக்கெண்டு உருவான நாய்கள் அவை. மூன்றாவது ரகம் வாயே திறக்காது, கண்டதும் போய்க் கவ்வும்.

வன்னிக் காட்டுப் பன்றிக்கு நடு ரகம்தான் சரி. பன்றிக்குக் கண் மட்டு, காதும் மூக்கும் கூர். நாய் நாநூறு மீற்றர் தள்ளிக் குலைக்கத் தொடங்கினால் கூட்டம் எழும்பி நடக்கத் தொடங்கியிடும். குட்டியோட நிக்கிற தாய்ப்பன்றிதான் முதலில போகும். தனியன், அதாவது தனியாய்த் திரியிற பெரிய ஆண் பன்றி, சிலவேளை அசையாது, அது வேற கதை. பன்றி முந்தி எழும்பினால் தூரம் ஓடும், நாயும் தூரம் ஓடும், நீங்கள் சூரை முள்ளுக்கும் ஈச்சம்பற்றைக்கும் நடுவில நிப்பியள். அந்தப் பற்றைக்குள்ள கால் மணித்தியாலத்தில அரைக் கிலோமீற்றர் போனாலே கெட்டித்தனம். சத்தமில்லாமல் போற நாய் படுக்கைக்கு இருபது முப்பது மீற்றருக்குள்ள வந்த பிறகுதான் பன்றிக்குத் தெரியும். அந்தக் கிட்டத்தில பன்றி ஓடுறதை விடத் திரும்பி நிக்கிறதுதான் கூட. நிண்ட உடனே நாய் குலைக்க வேணும். இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நிண்டு, பன்றி பாய்ஞ்சால் பின்வாங்கி, திரும்பினால் பின்காலுக்குக் கிட்ட வந்து குலைக்க வேணும். பிடிக்கப் போகக் கூடாது.

குரலை வாசிக்கப் பழகுங்கோ. இடைவெளி விட்டு, இடம் மாறிக்கொண்டு வந்தால் நாய் அடியில. குறுகலாய், அடுக்கடுக்காய், ஒரே இடத்தில இருந்து வந்தால் மறிச்சிட்டுது. மறிச்ச குரல் மெள்ள மெள்ள நகர்ந்தால் பன்றி நடந்துகொண்டே நாயைத் தள்ளுது. அந்த நேரம் கிட்டப் போனால் உடையும், நிக்கும் வரை பொறுக்க வேணும். திடீரெண்டு குரல் நிண்டால் மூன்றில ஒன்று: பன்றி உடைச்சுக்கொண்டு போட்டுது, நாய் கவ்வியிட்டுது, இல்லாட்டி நாய்க்குக் காயம். ஒரு வீறல் கேட்டுப் பிறகு அமைதியெண்டால் நிண்டு யோசிக்காமல் போங்கோ.

நேரமும் முக்கியம். விடியக்காலமை ஐந்தே முக்காலில இருந்து எட்டரை வரைக்கும்தான். பனி ஈரத்தில மணம் நிலத்தில தங்கும். சத்தமும் அப்பதான் தூரம் கேக்கும், நிலத்தை ஒட்டின காற்று குளிர்ந்திருக்கிறதால ஒலி கீழ்ப்பக்கம் வளைஞ்சு வரும். நிலம் சூடேறின பிறகு ஒலி மேல வளைஞ்சு போயிடும். காலையில ஒரு கிலோமீற்றரில கேட்ட அதே நாய் பத்து மணிக்குப் பக்கத்துக் காணியிலயே கேக்காது. காற்றுக்கு எதிராய் நுழையுங்கோ. காலபோகத்தில வாடை வடகிழக்கால வரும், அப்ப தென்மேற்குக் கரையால உள்ளுக்குப் போங்கோ. தென்மேற்கால வாற சோளகத்துக்கு மறுபக்கம்.

நுவரெலியாவில 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில மரை வேட்டையாடின சாமுவேல் பேக்கர் எண்ட இங்கிலீசுக்காரர் வச்சிருந்ததும் ஒரே வகை நாயில்லை. மணம் பிடிச்சுக் குலைக்கிறதுக்கு ஃபொக்ஸ்ஹவுண்ட் இரத்தம், எட்டிப் பிடிக்கிறதுக்கு வேகநாய்க் கலப்பு. அது குளிரும் பள்ளத்தாக்கும். குரல் மலையில பட்டுத் திரும்பி வரும். அந்தக் கணக்கை எங்கட தட்டைக் காட்டுக்குக் கொண்டுவர ஏலாது.

மூன்றுமுறிப்பான் எழுதியது:

பாலைநிழல் அண்ணை சொன்னது பன்றியை மட்டும் பார்த்த கணக்கு. காட்டுக்குள்ள பன்றி மட்டுமா நிக்குது?

முதலாவது கரடி. சத்தமில்லாத நாய் பற்றைக்குள்ள படுத்திருக்கிற கரடிக்கு முகத்துக்கு முகம் போய் நிக்கும். திடுக்கிட்ட கரடி ஓடாது, அடிக்கும். பயந்த நாய் எங்க ஓடும்? எசமானிட்டை. பின்னால கரடியும் வரும். யானையும் அப்பிடித்தான். முன்னால இருந்தே குலைச்சுக்கொண்டு போற நாய் எண்டால் கரடிக்கு விலகிப் போக நேரம் கிடைக்கும், உங்களுக்கும் என்ன நடக்குது எண்டு தெரியும். ஒரு விதி மறக்காதேங்கோ: குலைப்பு உங்களை நோக்கி வேகமாய் வருதெண்டால் பன்றி எண்டு நினைச்சுக் குறி வைச்சுக்கொண்டு நிக்கக் கூடாது. பாதையை விட்டு விலகி, பெரிய பாலையோ வீரையோ பார்த்து அதுக்குப் பின்னால போங்கோ.

இரண்டாவது மான். இதுதான் உங்கட கேள்விக்கே முக்கியம். அடியில குலைக்கிற நாய் மானுக்குப் பின்னால போனால் குரல் நிக்காமல் நேராய்த் தூரத்துக்குப் போகும்; பன்றியெண்டால் கொஞ்சத் தூரத்தில வளையும், நிக்கும். இரண்டு நிமிசத்தில வித்தியாசம் பிடிபடும், விசில் அடிச்சுக் கூப்பிடலாம். வாய் திறக்காத நாய் என்னத்துக்குப் பின்னால போனது எண்டு அது வாயில இரத்தத்தோட திரும்பி வரேக்கைதான் தெரியும். புள்ளிமான், மரை, சருகுமான் எல்லாம் 1937ஆம் ஆண்டு வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ வருது. "நாய்தான் பிடிச்சது, நான் இல்லை" எண்டது அங்க எடுபடாது. அழுங்கும் உடும்பும் அப்பிடியே. தேசிய பூங்கா, சரணாலய எல்லைக்குள்ள நாய் போனாலே பிரச்சினை. முதலில உங்கட காணிக்கு எல்லைக் கல்லு எங்க எண்டு கிராம சேவையாளரிட்டைக் கேட்டு வையுங்கோ.

மூன்றாவது மனிசர் வச்ச பொறி. பன்றிப் பாதையில கட்டுத்துவக்கு, நூல் இழுபட்டால் தானாய் வெடிக்கிற துவக்கு, கட்டியிருப்பினம், நூல் முழங்காலுக்குக் கீழ குறுக்கால ஓடும். நாய் நூலுக்குக் கீழால போயிடும். பின்னால வாற ஆளின்ர கால்தான் போகும். கட்டுத்துவக்குக் காயம் பெரும்பாலும் கீழ்க்காலில இருக்கிறதுக்குக் காரணம் அதுதான். அதால நாய் பன்றிப் பாதையில போனாலும் நீங்கள் அதில நடக்காதேங்கோ, இரண்டு மூன்று மீற்றர் விலகி நடவுங்கோ. அடுத்தது கம்பித் தடம், அதாவது மிருகம் மாட்டுற கம்பிச் சுருக்கு. மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளில செய்ததை நாய் கடிச்சு அறுக்க ஏலாது. இழுக்க இழுக்க இறுகும். இடுப்பில ஒரு நல்ல குறடு இல்லாமல் காட்டுக்குள்ள போகாதேங்கோ. இங்கயும் குலைக்கிற நாய்க்கு ஒரு வாசி இருக்கு: எந்த இடத்தில குரல் நிண்டதெண்டு தெரியும், அங்கயிருந்து தேடலாம். சத்தமில்லாத நாயை எங்கயெண்டு தேடுறது?

மிதிவெடியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் சொல்லுறன். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிக்கிற இடத்துக்கு அங்கால நாய் போனால் நாய் போனதுதான். நாய் மறிச்சு வச்சிருக்கு எண்டு ஆசைப்பட்டு ஒரு அடி வைக்கக் கூடாது. வெளியில நிண்டு கூப்பிடுங்கோ, வந்தால் வரட்டும்.

கடைசியாய் ஒன்று. பன்றியைக் கொல்லத் தேவையில்லை, கலைச்சால் போதும் எண்டால் முழுக்க முழுக்கக் குலைக்கிற நாய்தான். ஒரே பற்றையில நாலைந்து நாள் விடியக் கலைச்சால் கூட்டம் படுக்கையை மாற்றும். ஆனால் சங்கிலியில கட்டின நாய் விடிய விடியக் குலைக்கிறதால பிரயோசனம் இல்லை. சங்கிலியின்ர நீளம் எவ்வளவு எண்டு பன்றிக்கு மூன்றாம் நாள் தெரியும்.

பாலைநிழல் எழுதியது:

கரடி விசயத்தில நீர் சொல்லுறது சரி, ஒத்துக்கொள்ளுறன். மான் விசயத்தில இல்லை. மான் அடியை விடப் பழக்கின நாய் எண்டால் வாய் திறந்தாலும் திறக்காட்டியும் விடும். பழக்காத நாய் எண்டால் விசிலுக்கும் திரும்பாது. குரல் கேக்கிறது உங்களுக்கு ஆறுதல், மானுக்கு இல்லை.

கொட்டில்விளக்கு எழுதியது:

நாய் எந்த ரகமாக இருந்தாலும், காயப்படுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பன்றியின் கீழ்த்தாடைப் பல் மேற்பல்லோடு உரசி உரசித் தீட்டப்பட்டிருக்கும். அது குத்துவதை விட, கீழிருந்து மேலாகக் கீறுவதே அதிகம். அதனால் நாயின் காயம் நெஞ்சு, அடிவயிறு, உள்தொடை, கழுத்து ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். வெளியில் இரண்டு சென்ரிமீற்றர் ஓட்டை தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு தோல் கழன்றிருக்கலாம். வெளியைத் தைத்து மூடினால் உள்ளே சீழ் கட்டும். கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒன்பது கிராம் உப்பு, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி மட்டாக, கரைத்து ஊசியில்லாச் சிறிஞ்சால் அழுத்திக் கழுவுங்கள். பிறகு சுத்தத் துணியால் கட்டி மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, பற்றரி மை எதுவும் ஓட்டைக்குள் போகக் கூடாது.

நெஞ்சுக் காயத்தில் மூச்சோடு சேர்ந்து "ஸ்" என்று காற்றுச் சத்தம் வந்தால், நாய் மூச்சை வெளியே விடும் கணத்தில் சுத்தமான பொலித்தீன் துண்டை வைத்து மூடி, நெஞ்சைச் சுற்றி அதிகம் இறுக்காமல் கட்டுங்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ள வேண்டாம். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஏந்திக்கொண்டு போங்கள். மனிதருக்குக் கொடுக்கும் வலி மாத்திரை கொடுக்கவே வேண்டாம். இபுபுரோஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வெயிலை இங்கே யாரும் எழுதவில்லை. வன்னியில் பன்றிப் பல்லுக்கு அடுத்த எதிரி அதுதான். நாய்க்கு வியர்த்து உடல் குளிராது, நாக்கால் மூச்சு வாங்கித்தான் குளிரும். ஓடிக்கொண்டே குலைக்கும் நாய் அந்த மூச்சையும் குரலுக்குச் செலவழிக்கிறது, சூடும் கூடுகிறது. சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை வரை. 41 பாகையைத் தாண்டினால் உயிராபத்து. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகி, எச்சில் பசைபோல் இழுபட்டு, நடை தள்ளாடினால் வேட்டை அத்தோடு முடிந்தது. நிழலுக்குக் கொண்டு வந்து வயிறு, உள்தொடை, கழுத்து, பாதம் ஆகியவற்றில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டாம், அது சூட்டை உள்ளே அடைக்கும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். நாய் ஒன்றுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கொண்டு போகாமல் வெளிக்கிட வேண்டாம். குளத்தில் இறங்கட்டும் என்று விட்டுவிட்டால் முதலை இருக்கிறது.

திரும்பி வந்ததும் காதுக்குள், விரலிடுக்கு, கக்கத்தில் உண்ணி பாருங்கள். பல்முரசு வெளுத்து, சிறுநீர் தேயிலைச் சாய நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று விட வேண்டாம். விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும். பன்றி இறைச்சியைப் பச்சையாகப் போட வேண்டாம், அவித்துக் கொடுங்கள்.

கச்சான்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாலைநிழல் அண்ணை சொன்ன நடு ரகத்துக்குத்தான் மனம் போகுது, ஆனால் காணிக்குக் கிட்டக் கரடி அடி இருக்கிறதால மூன்றுமுறிப்பான் சொன்னதும் யோசிக்க வைக்குது. இரண்டு கேள்வி. நிண்ட இடத்தில மட்டும் குலைக்கிற பழக்கத்தைக் குட்டியில இருந்து பழக்கலாமா, இல்லாட்டி அது பிறவிக் குணமா? இந்தியாவில இருந்து சிப்பிப்பாறை, கோம்பை எண்டு நாய் விக்கிறாங்கள், அது சரிவருமா?

வைரவர்கடுவன் எழுதியது:

குரல் பெரும்பாலும் பிறவிதான். அமெரிக்காவில பார் ஹார்பர் ஆய்வுகூடத்தில ஸ்கொட், ஃபுல்லர் எண்ட இரண்டு பேர் குலைக்கப் பஞ்சிப்படுற பசெஞ்சி நாயையும் லேசில குலைக்கிற கொக்கர் ஸ்பானியலையும் கலந்து பார்த்து 1965இல புத்தகமாய்ப் போட்டினம். முதல் தலைமுறைக் குட்டிகள் குலைக்கிற விசயத்தில கொக்கர் பக்கம்தான் சாய்ஞ்சுது. உங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொன்னால்: வாய் திறக்கிற நாயையும் மூடின நாயையும் இணைச்சு நடு ரகம் எடுக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ, வாய் திறக்கிறதுதான் மேல வரும். நடு ரகம் வேணுமெண்டால் தாயும் கடுவனும் இரண்டும் நடு ரகமாய் இருக்க வேணும். குட்டி வாங்க முந்தித் தாயைக் காட்டில ஒருக்கால் பாருங்கோ. குட்டி விக்கிற ஆளின்ர வாயைப் பார்க்காதேங்கோ.

சிப்பிப்பாறையும் கன்னி எண்ட இனமும் கண்ணால பார்த்துத் துரத்துற நாய். வெட்டை வெளியில முயலுக்குப் பின்னால அழகு. பற்றைக்குள்ள பத்து மீற்றர் தெரியாத இடத்தில அதின்ர வேகம் மரத்தில மோதுறதுக்குத்தான் உதவும், மெல்லிய தோலைச் சூரை முள்ளுக் கிழிச்சுப் போடும். கோம்பை திரேகத்துக்குப் பொருந்தும், துணிச்சலும் உண்டு. அந்தத் துணிச்சல்தான் பயம். பிடிக்கப் போற நாய் பெரிய தனியனிட்டை மாட்டும். என்னைக் கேட்டால் பதினைந்து, இருபது கிலோ நிறையில, நீட்டுக் காலும் இறுகின பாதமும் உள்ள ஊர் நாய். பாரம் குறைஞ்ச நாய் பல்லுக்கு விலகும், சூடும் லேசில ஏறாது.

பழக்கிறதெண்டால் ஐந்தாறு மாதத்தில தொடங்கலாம். பன்றி மயிரோட ஒரு தோல் துண்டைக் கயிற்றில கட்டி ஐம்பது மீற்றர் இழுத்து, கடைசியில ஒரு கூடையால மூடி வையுங்கோ. அடியில குலைச்சால் ஒண்டும் சொல்லாமல் கயிற்றைப் பிடிச்சு நிப்பாட்டுங்கோ, வாய் மூடினால் நடவுங்கோ. கூடைக்கு முன்னால நிண்டு குலைச்சால் உடனே பாராட்டி இறைச்சித் துண்டு குடுங்கோ. ஒரு தடவைக்குப் பத்து நிமிசம், கிழமைக்கு இரண்டு தரம். குட்டி அலுத்து நிப்பாட்ட முந்தி நீங்கள் நிப்பாட்ட வேணும். கவ்வுற பழைய நாயோட சேர்த்துப் பழக்கவே வேண்டாம், கெட்ட பழக்கம் ஒரே நாளில தொத்தும். மான் அடி வரேக்கை கயிற்றோட கொண்டுபோய், மூக்கை வச்ச உடனே "விடு" எண்டு ஒரே சொல், மறுபக்கம் திரும்பி நடக்கிறது. இதை நாற்பது ஐம்பது தரம் செய்யாமல் கயிற்றை அவிழ்க்காதேங்கோ. ஒன்றரை வயசுக்கு முந்திப் பெரிய பன்றிக்கு முன்னால விட வேண்டாம்.

எண்ணிக்கை இரண்டு, கூடினால் மூன்று. நாலாவது நாய் வந்தால் எல்லா நாய்க்கும் வீரம் வந்திடும், மறிக்கிறதை விட்டுக் கவ்வத் தொடங்கும். மூன்றுமுறிப்பானின்ர பயத்துக்கும் வழி இருக்கு: இரண்டில ஒன்று அடியில லேசாய் வாய் விடுகிற நாயாய் இருக்கட்டும். அது பின்னால ஓடும், மற்றது முன்னால சத்தமில்லாமல் போகும். அப்பிடி ஒரு சோடி அமைஞ்சால் வைரவருக்கு வடைமாலை சாத்துங்கோ, லேசில அமையாது.

மூன்றுமுறிப்பான் எழுதியது:

அந்தச் சோடிக்கு நான் சம்மதம். ஆனால் சத்தமில்லாமல் முன்னால போற நாய்க்குக் கழுத்தில மணி கட்டுங்கோ. கன்றுக்குட்டிக்குக் கட்டுற சின்னப் பித்தளை மணி போதும், பெரிசு வேண்டாம், பன்றிக்குத்தான் முதல் கேக்கும். ஓடேக்கை ஒரே சீராய் அடிக்கும். மறிச்சு நிண்டு துள்ளேக்கை விட்டு விட்டு அடிக்கும். தடத்தில மாட்டி இழுபட்டால் மூன்று நாலு தரம் பலமாய் அடிச்சு நிக்கும். கரடிக்கும் ஒரு எச்சரிக்கை. நாய் எங்க நிக்குது எண்டு காட்டுற செய்மதிப் பட்டி வாங்குற யோசனை இருந்தால், அது வானொலி அலையில வேலை செய்யிற ரகம் எண்டால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ர அனுமதி என்ன மாதிரி எண்டு விசாரிச்சிட்டு வாங்குங்கோ. போன் சிம் போடுற ரகம் காட்டுக்குள்ள சிக்னல் இல்லாத இடத்தில சும்மா ஒரு பட்டிதான்.

கழுத்துப் பட்டி ஐந்து சென்ரிமீற்றர் அகலத்தில இரட்டைத் தோல். பல்லு படுற இடம் அதுதான். மணியைப் பட்டியில வளையத்தால மாட்டாதேங்கோ, ஒரு சுற்றுத் தையல் நூலால கட்டுங்கோ. கொடியில சிக்கினால் நூல் அறுந்து மணி மட்டும் போகட்டும்.